கேம்பஸ் பத்திரிகைக்கு ஆள் சேரலையா? வேலையைப் பிரிச்சுக் குடுங்க

கேள்வி: வணக்கம் மேடம். நான் எம்.ஏ. முதல் வருஷம் படிக்கிறேன். எங்க பல்கலைக்கழகத்துல ஸ்டூடண்ட்ஸ் நடத்துற மாத இதழுக்கு இந்த வருஷம் என்னை எடிட்டரா போட்டிருக்காங்க. வாட்ஸ்அப் குரூப்ல நூறு பேருக்கு மேல இருக்காங்க, ஆனா ஒவ்வொரு இதழையும் நாலே பேர்தான் ராத்திரி முழிச்சு எழுதி முடிக்கிறோம். மத்தவங்களைக் கேட்டா "எனக்கு எழுத வராது", "டைம் இல்ல", "சர்டிபிகேட் உண்டா"ன்னுதான் பதில் வருது. வர்றதெல்லாம் கவிதை. ஹாஸ்டல் பத்தி ஒரே ஒரு செய்தி எழுதினோம், பொறுப்புப் பேராசிரியர் அச்சுக்குப் போறதுக்கு முன்னாடி எடுத்துட்டார், அதுக்கப்புறம் அதை எழுதின பையனும் வர்றதில்ல. எல்லா டிபார்ட்மென்ட்ல இருந்தும் ஸ்டூடண்ட்ஸை எப்படி உள்ள கொண்டு வர்றது? இல்ல, இதோட விட்டுட்டு படிப்பைப் பார்க்கவா? (பெயர் வேண்டாம்)

பதில்:

தம்பி, விட்டுட வேண்டாம். நீங்க எழுதினதுலயே எனக்கு ரொம்ப கஷ்டமா இருந்தது அந்தப் பையன் விஷயம்தான், அதைப் பத்தி விரிவா சொல்றேன். முதல்ல ஆள் பிரச்சனையைப் பார்ப்போம், ஏன்னா ரெண்டும் ஒண்ணோட ஒண்ணு சேர்ந்தது.

நான் நியூஸ் டெஸ்க்ல பல வருஷம் வேலை பார்த்துட்டு இப்போ ஸ்டூடண்ட் பத்திரிகைகளுக்குப் பயிற்சி குடுக்கறேன். போற இடத்துல எல்லாம் காதுல விழுற முதல் புகார் இதுதான், ஆள் இல்லன்னு. ஆள் இருக்காங்க. அந்த நூறு பேரையும் யாரும் கையைப் பிடிச்சு இழுத்துட்டு வரல, அவங்களா சேர்ந்தாங்க. சேர்ந்த அன்னிக்கு ஆசை இருந்துச்சு, மறுநாள் செய்றதுக்கு அவங்க கையில ஒரு வேலை இல்ல. அங்கதான் விட்டுப் போச்சு.

நீங்க குரூப்ல என்ன மெசேஜ் போடுறீங்கன்னு என்னால யூகிக்க முடியுது. "அடுத்த இதழுக்கு கட்டுரை, கவிதை, ஓவியம் அனுப்பலாம், கடைசி தேதி இன்னது." இதைப் படிக்கிற முதல் வருஷ கெமிஸ்ட்ரி பொண்ணு என்ன செய்யும்? எதைப் பத்தி எழுதறதுன்னு தெரியாது, எவ்வளவு எழுதணும்னு தெரியாது, யாரைக் கேக்கறதுன்னும் தெரியாது. ஏற்கனவே நோட்டுல ஒரு கவிதை இருந்தா அதை அனுப்பும், இல்லன்னா பேசாம இருந்துடும். அதனால கவிதை குவியுறது அவங்க குத்தம் இல்ல, நீங்க கேட்டது அதுதான். (கவிதை வேண்டாம்னு நான் சொல்லல, ஒரு பக்கம் ஒதுக்குங்க, அதுக்குன்னு ஒருத்தரைப் பொறுப்பா போடுங்க, ஆனா கவிதை மட்டும் இருக்குற இதழை அந்த கேம்பஸ்ல யாரும் தேடிப் படிக்க மாட்டாங்க, படிக்காத பத்திரிகையில யாரும் வந்து சேரவும் மாட்டாங்க.)

இதுக்குப் பதிலா தனித்தனியா ஆளைக் கூப்பிட்டு, தனித்தனியா ஒரு சின்ன வேலையைக் குடுங்க. சின்னதுன்னா உண்மையிலேயே சின்னது. "போன செமஸ்டர் ரிசல்ட் எந்தத் தேதியில வந்துச்சு, அதுக்கு முந்தின மூணு செமஸ்டருக்கு எப்ப வந்துச்சு, நாலு தேதியை மட்டும் வெள்ளிக்கிழமைக்குள்ள கண்டுபிடிச்சுக் குடு." "ரீவேல்யுவேஷனுக்கு எவ்வளவு கட்டணம், போன வருஷம் எவ்வளவு, ரெண்டு சர்குலரையும் போட்டோ எடுத்துட்டு வா." இதுல எழுத வேண்டியதே இல்ல பாருங்க, அதனால "எனக்கு எழுத வராது"ன்ற பேச்சுக்கே இடமில்ல. அந்த நாலு தேதியைக் கொண்டு வந்தவன் பக்கத்துல உட்கார்ந்து, இதுல இருந்து என்னடா தெரியுதுன்னு கேளுங்க, ஒவ்வொரு தடவையும் இத்தனை நாள் தள்ளிப்போகுதுன்னு அவனே சொல்லுவான், அதுதான் செய்தியோட முதல் வரி, அவன் சொன்னதை அப்படியே டைப் பண்ணச் சொல்லுங்க.

அடுத்தது பீட், அதாவது ஒரு ரிப்போர்ட்டர் தொடர்ந்து கவனிக்க வேண்டிய பகுதி. பெரிய பேப்பர்ல போலீஸ் பீட், கோர்ட் பீட்னு பிரிக்கிற மாதிரி உங்க கேம்பஸைப் பிரிங்க: பரீட்சை, ஹாஸ்டல், நூலகம், ஸ்காலர்ஷிப், பி.எச்.டி. ஸ்காலர்ஸ், விளையாட்டு, மருத்துவ மையம். ஒரு பீட்டுக்கு ரெண்டு மூணு பேர், அதுல ஒருத்தராவது ஜூனியரா இருக்கட்டும். பீட்ல இருக்குறவங்களோட முதல் வேலை எழுதறது இல்ல, தெரிஞ்சு வெச்சிருக்குறது. வாரம் ஒரு தடவை அந்த ஆபீஸ் நோட்டீஸ் போர்டைப் பார்க்கணும், அங்க இருக்குற கிளார்க், வார்டன், நூலகர் இவங்ககிட்ட பேர் சொல்லி அறிமுகமாகி இருக்கணும், சும்மா போய் "புதுசா ஏதாவது சர்குலர் வந்திருக்கா சார்"னு கேட்டுட்டு வரணும். ஒண்ணும் இல்லன்னா "ஒண்ணும் இல்ல"ன்னு குரூப்ல போடட்டும், அதுவும் வேலைதான். இதை ஒரு செமஸ்டர் விடாம செஞ்சீங்கன்னா கேம்பஸ்ல எது நடந்தாலும் முதல்ல உங்களுக்குத்தான் தெரியும், அதுக்கப்புறம் ஆள் சேர்க்க நீங்க அலைய வேண்டி இருக்காது.

எழுதறவங்களை மட்டும் தேடாதீங்கன்னு திரும்பவும் சொல்றேன். எக்செல்ல கணக்குப் போடத் தெரிஞ்ச பையன், பேஜ் லேஅவுட் பண்ற டிசைன் ஸ்டூடண்ட், சட்டம் படிக்கிற பொண்ணு, ரெண்டு மொழி நல்லா தெரிஞ்சவங்க, எல்லாரும் வேணும். என் அனுபவத்துல ஃபேக்ட்-செக், அதாவது தகவல் சரியான்னு பார்க்குறதுல சயின்ஸ் ஸ்டூடண்ட்ஸ் ரொம்ப நல்லா வர்றாங்க, ஒரு எண்ணைப் பார்த்தா "இது எங்க இருந்து வந்துச்சு"ன்னு கேக்குற பழக்கம் அவங்களுக்கு லேப்லயே வந்துடுது.

இப்போ காப்பி, அதாவது ஸ்டூடண்ட் எழுதி அனுப்பின செய்தி, வந்ததுக்கப்புறம் என்ன பண்றீங்கன்னு பார்க்கணும், ஏன்னா முதல் தடவை எழுதி அனுப்பின ஸ்டூடண்ட் ரெண்டாவது தடவை வர்றானா இல்லையாங்கிறது இங்கதான் முடிவாகுது. ஒரு உதாரணம் சொல்றேன், இந்த மாதிரி காப்பி நிறைய பார்த்திருப்பீங்க: "அறிவுக் கடலாம் நம் நூலகத்தில் சமீபகாலமாக மாணவர்கள் பல்வேறு சிரமங்களை எதிர்கொண்டு வருகின்றனர். நிர்வாகம் இதனைக் கவனத்தில் கொள்ளுமா?" இதைப் பார்த்ததும் எடிட்டர் என்ன பண்ணுவார், தூக்கிப் போட்டுட்டு தானே புதுசா எழுதிடுவார். அப்படிப் பண்ணாதீங்க. எழுதினவரைக் கூப்பிட்டு உட்கார வெச்சுக் கேளுங்க. என்ன சிரமம்? ரீடிங் ஹாலை சீக்கிரம் மூடிடுறாங்க. எத்தனை மணிக்கு? எட்டு மணிக்கு, முன்னாடி பத்து. எப்ப இருந்து? தெரியல. அப்ப போய் கதவுல ஒட்டியிருக்குற நோட்டீஸைப் பாரு, தேதியும் கையெழுத்தும் இருக்கும், போட்டோ எடு. ஏன் மூடுறாங்க? நூலகரைக் கேக்கல. போய்க் கேளு, அவர் சொல்றதை அவர் சொன்ன வார்த்தையிலயே எழுதிக்கோ. யாருக்கு இதனால கஷ்டம்? ஒன்பது மணிக்கு அங்க போய் நில்லு, வெளிய படிக்கட்டுல உட்கார்ந்து படிக்கிறவங்க இருந்தா எண்ணு, ரெண்டு பேர்கிட்ட பேசு. ரெண்டு நாள் கழிச்சு அதே ஸ்டூடண்ட் கொண்டு வர்ற காப்பி இப்படி இருக்கும்: "நூலக வாசிப்பு அறை இந்த மாதம் 3ஆம் தேதி முதல் இரவு 8 மணிக்கே மூடப்படுகிறது. இரவுப் பணியில் இருந்த ஊழியர்கள் ஓய்வு பெற்ற பிறகு அந்த இடங்கள் இன்னும் நிரப்பப்படவில்லை என்கிறார் நூலகர்." கவனிச்சீங்களா, இதுல நிர்வாகத்தை யாரும் திட்டல, கேள்விக்குறி கூட இல்ல, ஆனா முதல் காப்பியை விட இதுக்கு எவ்வளவு பலம். இதை எழுதின ஸ்டூடண்டுக்கு நீங்க அரை மணி நேரம் குடுத்தீங்க, அந்த அரை மணி நேரம்தான் ஜர்னலிசம் பயிற்சி. பைலைன்ல, அதாவது செய்தியை எழுதினது யாருன்னு போடுற வரியில, அவங்க பேர் வரணும், நீங்க எவ்வளவு திருத்தியிருந்தாலும் சரி.

இன்னொண்ணு, காப்பி வந்தா ரெண்டு நாளைக்குள்ள பதில் சொல்லிடுங்க. போடலன்னாலும் ஏன் போடலன்னு ரெண்டு வரி. பதிலே வராத மெயில்தான் நிறைய பேரை வெளிய அனுப்புது, அதை யாரும் உங்ககிட்ட வந்து சொல்ல மாட்டாங்க.

"டைம் இல்ல"ன்னு சொல்றவங்களை நம்புங்க. பார்ட் டைம் வேலைக்குப் போறவங்க இருக்காங்க, லேப்ல சாயங்காலம் வரைக்கும் மாட்டிக்கிறவங்க இருக்காங்க, தினமும் தூரத்துல இருந்து வந்து போறவங்களுக்குக் கடைசி பஸ் இருக்கு, லேடீஸ் ஹாஸ்டலுக்கு உள்ள போற நேரம் இருக்கு. ராத்திரி எட்டு மணிக்கு மீட்டிங் வெச்சா ஹாஸ்டல் பசங்க மட்டும்தான் வருவாங்க, அப்புறம் பத்திரிகை முழுக்க அவங்க கண்ணுல படுறதுதான் செய்தியா வரும். மீட்டிங்கை மதிய இடைவேளையில வைங்க, முக்கால் மணி நேரத்துக்கு மேல போகாம முடிங்க. நீங்க நாலு பேர் ராத்திரி முழிக்கிறதை எல்லாரும் தியாகம்னு பாராட்டுவாங்க, ஆனா அதைப் பார்த்து மத்தவங்க பயப்படுறாங்க, இதுக்குள்ள போனா நம்ம படிப்பு போயிடும்னு. முதல்ல அந்த முழிப்பை நிறுத்துங்க. பக்கத்தைக் குறைச்சாவது நேரத்துக்கு முடிங்க, பதினாறு பக்கத்துக்கு எட்டு போதும்.

ஜூனியர்ஸை எடுபிடி வேலைக்கு மட்டும் வெச்சுக்காதீங்க. 2022 நவம்பர்ல அமெரிக்காவுல ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக ஸ்டூடண்ட் பேப்பர் தி ஸ்டான்ஃபோர்டு டெய்லியில தியோ பேக்கர்னு ஒரு முதல் வருஷ ஸ்டூடண்ட், அந்தப் பல்கலைக்கழகத் தலைவர் மார்க் டெஸ்ஸியர்-லவீன் பேர் இருந்த ஆய்வுக் கட்டுரைகள்ல படங்கள் மாத்தப்பட்டிருக்குன்ற சந்தேகத்தைப் பத்தி எழுத ஆரம்பிச்சார். நிர்வாகம் விசாரணை வெச்சுது, 2023 ஜூலைல அறிக்கை வந்துச்சு. தலைவர் தானே எதையும் திரிக்கலன்னு குழு சொல்லுச்சு, அதே சமயம் அவரோட ஆய்வகத்துல மத்தவங்க படங்களை மாத்தியிருக்காங்க, தப்பு தெரிய வந்தப்போ அதைத் திருத்த அவர் போதுமான முயற்சி எடுக்கலன்னும் சொல்லுச்சு, அவர் பதவி விலகறதா அறிவிச்சார். எழுதின பையனுக்கு ஜார்ஜ் போல்க் விருதுன்ற அமெரிக்கப் பத்திரிகைத் துறை விருது கிடைச்சுது. இதைச் சொல்றது உங்க தலைவரைப் பத்தி எழுதுங்கன்னு இல்ல. முதல் வருஷம்தானேன்னு ஒருத்தரை ஒதுக்காதீங்க, அதுக்குத்தான். அந்தச் செய்தி தனி ஆளா வந்ததும் இல்ல, அவருக்குப் பின்னாடி எடிட்டர்ஸ் இருந்தாங்க, 1892-ல ஆரம்பிச்ச ஒரு பத்திரிகை இருந்துச்சு, 1973-லயே பல்கலைக்கழகத்துல இருந்து பிரிஞ்சு தனி நிறுவனமா ஆன பத்திரிகை அது.

இங்கதான் உங்க பொறுப்புப் பேராசிரியர் விஷயம் வருது.

அமெரிக்காவுல ஹேசல்வுட் வழக்குன்னு ஒண்ணு இருக்கு. 1983-ல ஒரு ஸ்கூல் பேப்பர்ல ரெண்டு கட்டுரை வர இருந்துச்சு, ஒண்ணு கர்ப்பமான மாணவிகளைப் பத்தி, இன்னொண்ணு பெற்றோர் விவாகரத்து பத்தி. பிரின்சிபல் அந்தப் பக்கங்களையே எடுத்துட்டார். பசங்க கோர்ட்டுக்குப் போனாங்க, 1988-ல உச்ச நீதிமன்றம் ஸ்கூல் பக்கம்தான் தீர்ப்பு சொல்லுச்சு, அது ஸ்கூல் தன் பேர்ல, வகுப்போட ஒரு பகுதியா நடத்துற பேப்பர்னு. அந்தச் சட்டம் உங்களுக்குப் பொருந்தாது, ஸ்கூல் வேற பல்கலைக்கழகம் வேற, ஆனா அதுல இருந்து நீங்க எடுத்துக்க வேண்டிய கேள்வி இருக்கு: உங்க இதழோட பப்ளிஷர் யாரு? காசு யாருது, பேர் யாருது, கடைசி முடிவு யாருதுன்னு எங்கயாவது எழுதியிருக்கா? பெரும்பாலும் எழுதியே இருக்காது, வாய் வார்த்தையாவே ஓடிட்டிருக்கும், அதனாலதான் செய்தி எடுக்கப்பட்டா ஏன்னு கேக்க முடியறதில்ல. அதை எழுத்துல கொண்டு வாங்க. ஒரு பக்கம் போதும். பேராசிரியர் அச்சுக்கு முன்னாடி படிக்கலாம், ஆலோசனை சொல்லலாம், தப்பான தகவலைச் சுட்டிக் காட்டலாம், ஒரு செய்தியை நிறுத்தணும்னா காரணத்தை எழுத்துல குடுக்கணும், அதுக்கு எடிட்டோரியல் போர்டு, அதாவது உங்க ஆசிரியர் குழு, பதில் சொல்ல வழி இருக்கணும். இதை எதிர்ப்பு மாதிரி கொண்டு போகாதீங்க. அவர்கிட்டயே போய் "சார், உங்க மேலயும் பழி வராம இருக்க ஒரு முறை வெச்சுக்கலாம்"னு பேசுங்க. நிறைய பொறுப்புப் பேராசிரியர்கள் கெட்டவங்க இல்ல, மேல இருந்து போன் வந்தா அவங்களைக் காப்பாத்துறதுக்கு ஒரு தாள் கூட கிடையாது, அதனால பயந்துதான் எடுத்துடுறாங்க.

அந்த ஹாஸ்டல் செய்தியைத் திரும்ப எடுத்துப் படிங்க. வார்டன் தரப்பு அதுல இருந்துச்சா? இல்லன்னா அதை முதல்ல சரி பண்ணுங்க. கேள்விகளை எழுதி மெயில்ல அனுப்புங்க, மூணு வேலை நாள் டைம் குடுங்க, பதில் வந்தா போடுங்க, வரலன்னா "இந்தத் தேதியில் கேள்விகள் அனுப்பப்பட்டன, அச்சுக்குப் போகும்வரை பதில் வரவில்லை"ன்னு போடுங்க. இப்படி எழுதின செய்தியை நிறுத்தறது ரொம்ப கஷ்டம், ஏன்னா என்ன தப்புன்னு கேட்டா காட்ட ஒண்ணும் இருக்காது. அரசுப் பல்கலைக்கழகமா இருந்தா தகவல் உரிமைச் சட்டத்துலயும் கேக்கலாம், இந்தியாவுல 2005-ல இருந்து இருக்கு, இலங்கையில 2016-ல வந்துச்சு. பதில் வர நாள் பிடிக்கும், இந்தியாவுல சாதாரணமா 30 நாள் வரைக்கும் அவங்களுக்கு நேரம் உண்டு, அதனால அடுத்த இதழுக்குன்னு இல்லாம அதுக்கும் அடுத்த இதழுக்குன்னு திட்டம் போட்டுக் கேளுங்க.

அந்தப் பையனை நீங்களே நேர்ல போய்ப் பாருங்க. மெசேஜ் வேண்டாம். அவன் எழுதினது எடுக்கப்பட்டப்போ அவனுக்குத் தெரிய வேண்டியது ரெண்டே விஷயம், தன் செய்தியில தப்பு இருந்துச்சா, எடிட்டர் தன் பக்கம் நின்னாரா. இதை யாரும் அவனுக்குச் சொல்லலன்னா அவன் ஏன் திரும்ப வரணும்? அவனைப் பார்த்து மத்தவங்களும் வர வேண்டாம்னு முடிவெடுத்திருப்பாங்க, அதனால இந்த ஒரு ஆளைத் திரும்பக் கொண்டு வர்றது நீங்க ஒட்டப் போற நூறு போஸ்டரை விடப் பெருசு. அந்தச் செய்தியை அவனோடயே உட்கார்ந்து சரி பண்ணி இதழ்ல போடுங்க.

பணம் பத்தியும் சொல்லிடறேன். ஒரே இடத்துல இருந்து காசு வந்தா அந்த இடத்தைப் பத்தி எழுத முடியாது, நிர்வாகமா இருந்தாலும் சரி, மாணவர் சங்கமா இருந்தாலும் சரி. கனடாவுல நிறைய ஸ்டூடண்ட் பேப்பர்கள் மாணவர்கள் கட்டணத்தோட சேர்த்துக் கட்டுற ஒரு சின்னத் தொகையில நடக்குது, நிர்வாகத்தோட தயவு வேண்டியதில்ல. ஆனா 2019-ல ஒன்டாரியோ மாகாண அரசு இந்த மாதிரிக் கட்டணங்களை விருப்பம் இருந்தா கட்டலாம்னு மாத்தினப்போ அந்தப் பேப்பர்கள் ஆடிப்போச்சு, அதே வருஷம் நவம்பர்ல கோர்ட் அந்த உத்தரவை ரத்து பண்ணுச்சு. அதனால எந்த வழியா இருந்தாலும் ரெண்டு வழி வெச்சுக்கோங்க. அச்சுச் செலவு முடியலன்னா பி.டி.எஃப். மட்டும் போடுங்க, செய்தியை நிறுத்தாதீங்க.

ஸ்டூடண்ட்ஸ் வர்றதுக்குத் தயங்குறதுல பயமும் இருக்கு, அதை லேசா எடுத்துக்காதீங்க. இன்டர்னல் மார்க் போடுறவரைப் பத்தி எப்படி எழுதறதுன்னு கேட்டா அது நியாயமான பயம். அதனால யாரும் தன் டிபார்ட்மென்டைப் பத்தி எழுத வேண்டாம், கெமிஸ்ட்ரியைப் பத்தி ஹிஸ்டரி ஸ்டூடண்ட் எழுதட்டும். இது பயத்துக்கும் மருந்து, ஒருபக்கச் சாய்வுக்கும் மருந்து. அதே காரணத்துக்காக ஒரு கிளப் செக்ரட்டரி தன் கிளப் நிகழ்ச்சியைப் பத்தி எழுதக் கூடாது, மாணவர் சங்கத் தேர்தல்ல நிக்கறவங்க அந்தச் சமயத்துல எடிட்டோரியல் போர்டுல இருக்கக் கூடாது. பேர் சொல்ல வேண்டாம்னு ஒருத்தர் தகவல் குடுத்தா அவர் யாருன்னு ரிப்போர்ட்டருக்கும் எடிட்டருக்கும் மட்டும் தெரியணும், குரூப்ல போடவே கூடாது, ஸ்கிரீன்ஷாட் எங்க போகும்னு யாருக்கும் தெரியாது. 1971-ல ஸ்டான்ஃபோர்டு டெய்லி ஆபீஸுக்கே போலீஸ் வாரன்ட்டோட வந்து போட்டோ தேடினாங்க, ஒரு போராட்ட மோதல் படங்களுக்காக. 1978-ல உச்ச நீதிமன்றம் அந்த சோதனை செல்லும்னு சொன்னதுக்கப்புறம்தான் பத்திரிகை ஆபீஸ்களைப் பாதுகாக்க 1980-ல அங்க தனிச் சட்டம் வந்துச்சு. ஸ்டூடண்ட் பேப்பர்தானே, யார் கேக்கப் போறான்னு குறிப்புகளை அசட்டையா வெச்சிருக்காதீங்க. பாலியல் தொந்தரவு புகார் மாதிரி விஷயம் வந்தா பாதிக்கப்பட்டவங்க யாருன்னு தெரியற மாதிரி டிபார்ட்மென்ட், வருஷம், ஹாஸ்டல் பிளாக் எதுவுமே வரக் கூடாது, அந்த மாதிரி செய்தியைப் புது ஆள்கிட்ட தனியா விடவும் கூடாது.

சர்டிபிகேட் கேக்கறவங்களை மட்டமா நினைக்காதீங்க தம்பி, அவங்களுக்கு வேலை தேடணும், ரெஸ்யூமேல ஒரு வரி வேணும், அதுல என்ன தப்பு. குடுங்க, ஆனா ஒரு செமஸ்டர்ல இத்தனை வேலை முடிச்சவங்களுக்குன்னு முதல்லயே சொல்லிட்டுக் குடுங்க, சர்டிபிகேட்ல "பங்கேற்றார்"னு மட்டும் போடாம என்ன பீட், எத்தனை செய்தின்னு எழுதிக் குடுங்க. நாளைக்கு ஒரு எடிட்டர் முன்னாடி போய் நிக்கும்போது அதுக்குத்தான் மதிப்பு.

உங்க படிப்புக்கும் வர்றேன். நீங்க எடிட்டரா இருக்கப் போறது ஒரு வருஷம், மிஞ்சிப்போனா ஒண்ணரை. பரீட்சை மாசத்துல இதழ் கிடையாதுன்னு இப்பவே அறிவிச்சிடுங்க. அடுத்த எடிட்டரை வருஷக் கடைசியில தேடாதீங்க, அடுத்த செமஸ்டர் தொடக்கத்துலயே ரெண்டு பேரைத் துணை எடிட்டரா போட்டு, ஒரு முழு இதழை அவங்க கையில விட்டுட்டு நீங்க ஓரமா நில்லுங்க. எந்த ஆபீஸ்ல யாரைப் பார்க்கணும், அச்சகத்துல எவ்வளவு, எந்தச் செய்தி பாதியில நிக்குது, பேராசிரியரோட பேசி எழுதின அந்த ஒரு பக்கம், இது எல்லாத்தையும் ஒரே ஃபோல்டர்ல போட்டு, அதோட பாஸ்வேர்டு மூணு பேர்கிட்டயாவது இருக்குற மாதிரி பார்த்துக்கோங்க. இந்த வாரம் அந்தப் பையனைப் பார்த்துட்டு, அந்த நூறு பேர்ல பத்து பேருக்கு மட்டும் தனியா போன் பண்ணி ஆளுக்கு ஒரு வேலை குடுங்க, யார் யார் முடிச்சுட்டு வந்தாங்கன்னு எனக்கு எழுதுங்க, அவங்களை எந்த பீட்ல போடலாம்னு சேர்ந்து யோசிப்போம்.